சும்மா கிடக்கிற வளவு

மட்டக்களப்பு கல்லடியில எங்கட பத்துப் பேர்ச் வெறும் வளவைப் படம் பிடிச்சு "இவங்களுக்குக் காணி, எங்களுக்கு நுளம்பு" என்று போட்ட பதிவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கீழே ஏசினவங்கள்ல பாதிப் பேர் எங்கட வீட்டில சோறு தின்டவங்க. அதான் நோகுது.

அந்த வளவு சும்மா கிடக்கல்ல. வெறுங்காணியில வீடும் கட்டலாம், கடையும் போடலாம், விக்கவும் செய்யலாம். அத்திவாரம் போட்டா மற்ற வழியெல்லாம் அடைபட்டுப் போகும். ஊத்தின கொங்கிறீற்றத் திரும்பச் சீமெந்து பேக்குக்குள்ள அள்ள ஏலாது. நாளைக்கு என்ன விலை, என்ன சட்டம் என்று தெரியாத ஊரில பொறுத்திருக்கிறதுக்கும் ஒரு பெறுமதி இருக்கு. லொஸ் ஏஞ்சல்ஸில அவ்வளவு விலை போற காணிகள் ஏன் வெறுமையாக் கிடக்கு என்று யோசிச்ச ஷெரிடன் டிட்மன் என்ற பொருளியலாளர் 1985இலயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டார்.

2004இல அப்பா அங்க அத்திவாரம் போட்டார். மார்கழி 26 கடல் வந்திச்சு. பிறகு கிழக்கில கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது என்றாங்க, பிறகு அதையே தளர்த்தினாங்க. அதுக்குள்ள அப்பாட்ட காசும் இல்ல, தெம்பும் இல்ல. அந்தக் கல்லு இன்னும் அடம்பன் கொடிக்குள்ள கிடக்கு. படத்தில அது விழல்ல.

மச்சான் பொறுக்கல்ல, 2021இல வீடு கட்ட லோன் எடுத்தார். அடுத்த வருசம் 200 ரூபாய் டொலர் 360க்குப் போச்சு, ஏப்ரலில மத்திய வங்கி ஒரே தடவையில வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏத்திச்சு. வீடு லின்டலோட நிண்டுட்டு. தூண் கம்பியில கவுத்து வெச்ச சோடாப் போத்தல்கள் வெயிலில வெளுத்து, உள்ளுக்குக் கறள் வடிஞ்சு கிடக்கு. அக்கா இன்னும் வட்டி கட்டுறா. வீட்டைக் கட்டு கட்டு என்று சொன்ன ஒருத்தரும் அந்தப் பக்கம் வரல்ல.

நுளம்பு என்றா ஒத்துக்கொள்றன், மழைக்கு முதல் பத்தையை வெட்டியிருக்கணும். பதிவுக்குக் கீழ, வெறுங்காணிக்கு வரி போடச் சொன்ன தம்பிக்கு: முதல்ல சட்டத்தை நிலையாச் சொல்லச் சொல்லுங்க. கட்டடம் இவ்வளவு உயரம்தான் என்று மட்டுப்படுத்தினாக்கூட, இனி என்ன நடக்கும் என்ற குழப்பம் குறைஞ்சா ஆக்கள் கட்டத் தொடங்கலாம் என்று அதே டிட்மன் சொல்றார். காணி இல்லாத சனம் என்ன செய்யும் என்று அங்க கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு எங்கட பத்துப் பேர்ச்சா பதில்?

படம் பிடிச்சவர் எங்கட கதவைத் தட்டியிருக்கலாம், அம்மா வீட்டிலதான் இருந்தா. பதிவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அவவுக்குக் காட்டிட்டு. 71 வயசில, விடியச் சாமத்தில எழும்பி, "கத்தியை எடுத்துத் தா மகன், நானே போய் வெட்டுறன்" என்று வாசலில நிண்டா.