வெள்ளை பெல்ட் கட்டியிருப்பதில் என்ன கேவலம்?

ஞாயிற்றுக்கிழமை விழாவில் கராத்தே தரப்பிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், தரையில் பிடித்து மடக்கிச் சண்டையிடும் எங்கள் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவைக் கேலி செய்து பேசிய வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்ப குரூப்பிலேயே ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள், சிரிக்கிற பொம்மையோடு. "வருஷக்கணக்கா வெள்ளை பெல்ட்ட கட்டிக்கிட்டு தரையில உருண்டுட்டு கெடக்காவ, எங்க பிள்ளைய ஆறு மாசத்துல மூணு கலர் மாறியாச்சு" என்றதும் கூட்டம் சிரித்தது. அந்த மண்டபத்தில் ஆரம்ப நிலைக்கான வெள்ளை பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் சிலர்தான்.

அன்று மரியாதைக்குப் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் மெதுவாக வளர்வது குறை அல்ல. அதில் வளர்ச்சி நடப்பதே அப்படித்தான்.

பெரியவர்களுக்குக் கருப்பு வரை வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கருப்பு என ஐந்தே நிறம். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 16 வயதாகாமல் நீலம் கிடையாது, 19 ஆகாமல் கருப்பு கிடையாது. கருப்புக்குப் போகப் பத்து வருஷம் ஆவது சாதாரணம். காரணமும் எளிது. கற்றதை ஒவ்வொரு வகுப்பிலும் விட்டுக்கொடுக்காத ஒருவர்மேல் செய்து பார்க்க வேண்டும். அதைத்தான் ரோலிங் என்கிறோம், அதைத்தான் அவர் "உருண்டுட்டு கெடக்காவ" என்று மேடையில் நையாண்டி செய்தார். அங்கே மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் தோற்றேன் என்று கையால் தட்டி விடுவித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது, ஐம்பது கிலோவைத் தாண்டாத உடம்பு. நாகர்கோவிலில் நாங்கள் பயிற்சி செய்யும் மாடி அறையில் என்னோடு அதிகம் ரோல் செய்வது குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவர். வள்ளம் தள்ளிப் பழகிய தோள். அவர் பக்கவாட்டில் ஏறி நெஞ்சை அழுத்திப் பிடித்தால், அதாவது சைடு கன்ட்ரோல் போட்டால், ஆரம்பத்தில் எனக்கு மூச்சே வராது. கழுத்தில் கை வைப்பதற்கு முன்பே பயத்தில் தட்டிவிடுவேன். மாஸ்டர் கை காலை மடக்கிப் பிடிக்கும் புதிய பூட்டு ஒன்றும் சொல்லித்தரவில்லை. அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மல்லாந்து படுத்து, காலை ஊன்றி, இடுப்பை ஒதுக்கி நகர வைத்தார். ஷ்ரிம்ப் என்பார்கள். வாரக்கணக்கில் அதே ஷ்ரிம்ப். முன்கையை அவர் கழுத்தோரம் முட்டுக்கொடு, மூச்சை விடு, இடுப்பை ஒதுக்கு, கிடைத்த இடைவெளியில் முட்டியைச் செருகு. இவ்வளவுதான் பாடம்.

போன ஆடி மழையில் ஒரு சாயங்காலம் அது நடந்தது. என் முழங்கைக்கும் முட்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வந்தது. முட்டி உள்ளே போனது. கால்களுக்கு நடுவே அவரை நிறுத்தி, கார்டு என்கிற தற்காப்பு நிலைக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த நிமிஷமே அவர் கார்டைத் தாண்டி என்னைத் தட்ட வைத்தார், அது வேறு விஷயம். அழுத்தத்துக்கு அடியில் நான் யோசித்தேன். முன்பு என்னால் முடியாதது அது. யாரும் கைதட்டவில்லை, போட்டோ இல்லை, பெல்ட்டும் மாறவில்லை. ஆனால் வார்டில் நைட் டியூட்டியில், குடித்துவிட்டு வந்த ஒரு நோயாளியின் உறவினர் முகத்துக்கு நேரே வந்து கத்தியபோது என் குரல் நடுங்கவில்லை. அவரை நான் தொடக்கூட இல்லை. மூச்சை விட்டேன், பேசினேன், செக்யூரிட்டி வரும்வரை நின்றேன். இந்த வளர்ச்சிக்கு எந்தக் கலர் என்று அந்த மேடைப் பேச்சாளர் சொல்லட்டும்.

"குழந்தைகளுக்கு ஊக்கம் வேண்டாமா" என்று கேட்பீர்கள். வேண்டும். எங்களிடமும் 16 வயதுக்குக் கீழே சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை இருக்கிறது. கராத்தேயையும் நான் குறை சொல்லவில்லை. வியர்வை சிந்த வைத்துச் சொல்லித்தரும் நல்ல கராத்தே மாஸ்டர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். "மெதுவாகக் கொடுப்பதே மாதக் கட்டணம் வாங்கத்தானே" என்பவர்களுக்கு: எங்கேயாவது அப்படியும் இருக்கலாம். எங்கள் மாஸ்டர் அப்படி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது "அடிமுறையும் வர்மமும் பிறந்த மண்ணில் பிரேசில்காரன் சண்டை எதற்கு" என்ற பேச்சு. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வலிக்கிறது. என் தாத்தாவின் தம்பி தக்கலைப் பக்கத்தில் அந்தப் பழைய சண்டைக் கலைகளின் ஆசானாக இருந்தவர். பழைய களரியில் பெல்ட்டே கிடையாது. உடம்பின் உயிர்நிலைகளான வர்மத்தை முதல் வருஷமே எந்த ஆசானும் தொட்டுக் காட்டமாட்டார். குணம் பார்த்து, பொறுமை பார்த்து, கடைசியில்தான் கொடுப்பார்கள். ஆறு மாதத்தில் மூன்று கலர் என்பது எந்த ஆசான் வழி? அப்புறம், பிரேசிலில் இருந்து வந்தது என்பதற்காகத் தள்ள வேண்டுமென்றால் குலசேகரம் ரப்பரை என்ன செய்வது? 1876-இல் அமேசான் காட்டிலிருந்து எடுத்துப்போன விதைகள் வழியாகத்தான் ரப்பர் நம் பக்கத்துக்கே வந்தது. மீன்குழம்போடு தின்னும் மரச்சீனியும், அதாவது மரவள்ளியும், தென்னமெரிக்கக் கிழங்கு. இந்தக் கலையும் அப்படிக் கடல் தாண்டியதுதான். ஜப்பானின் ஜூடோ வீரர் மாயேடா 1914-இல் பிரேசில் போனார், அவரிடமிருந்து கார்லோஸ் கிரேசி கற்றார், அந்தக் குடும்பம் தரைச் சண்டையைத் தனிக் கலையாக வளர்த்தது. 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த, வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதும் யுஎஃப்சியின் முதல் போட்டியில் ஹோய்ஸ் கிரேசி 80 கிலோ உடம்போடு ஒரே இரவில் மூன்று பேரைத் தட்ட வைத்தார். அதற்கும் தரையில்தான் உருண்டார்.

கடைசியாக, மேடையில் சொல்லாமல் மண்டபத்து வாசலில் சிலர் சொன்னது. "ஆம்பிளையளோட கட்டிப் புரண்டு என்ன படிப்பு?" இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எதற்கு, இந்த வயதில் எதற்கு, வீட்டில் வேலை இல்லையா என்பதெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகியவைதான். இது அப்படி இல்லை. என்னைக் கீழே போட்டு அழுத்தும் அந்தத் தம்பி, நான் ஒருமுறை தட்டினால் அந்த நொடியே விடுகிறார். "அக்கா, வலிச்சா சொல்லுங்க" என்கிறார். பஸ்ஸில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டம் வரை அந்த மரியாதை எனக்குக் கிடைப்பதில்லை. வாசலில் பேசியவர்கள் பஸ்ஸில் நடப்பதைப் பற்றி ஒருநாளாவது பேசியிருக்கிறார்களா?

இவ்வளவு எழுதுவது எனக்காக மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எங்களோடு வருகிறது. வந்த புதிதில் பெயர் கேட்டால்கூடத் தலை நிமிராது. இப்போது எனக்கே கால் பூட்டைத் திருத்திச் சொல்கிறது. அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. கூட்டம் சிரித்தபோது பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வகுப்புக்கும் வரவில்லை.

அந்தப் பிள்ளையின் அம்மா இதைப் படிப்பார் என்று தெரியும். அக்கா, நாளை ஆறு மணிக்கு வகுப்பு இருக்கிறது. நான் டியூட்டி முடிந்து அந்த வழியாகத்தான் வருவேன். அவளை ரெடியாக இருக்கச் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன்.