ஊசிக்குக் காது இருக்கிறது

பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடி அறையில், இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எம்பிராய்டரி சொல்லிக் கொடுத்து வருகிறேன். இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். அவர்களில் நால்வர் பையன்கள். கதை சொல்லித்தான் கற்றுக் கொடுக்கிறேன் என்று தெரிந்ததும், பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்கத்தானே கதை என்று பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். அப்படி இல்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். இந்த முறை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பள்ளியில் தையல் கற்ற விதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு சாண் அகலக் காடாத் துணியில் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் ஒவ்வொரு தையலையும் வரிசை வரிசையாகப் போட்டு, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். சங்கிலித் தையலை நான் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டுக்கொண்டு போனபோது, துணியைத் திருப்பிப் பார்த்த ஆசிரியை, பின்பக்கம் முடிச்சுகள் தெரிகின்றன என்று கத்தரிக்கோலால் நடுவில் வெட்டிவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தத் துணியின் ஓரம் பிசிறு பிசிறாகத் தொங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆண்டு பன்னிரண்டு தையல்கள் போட்டேன். தேர்வு முடிந்த மறுமாதம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

பின்தையலை எனக்கு உண்மையில் கற்றுக் கொடுத்தவர் என் பெரியம்மா. கோடை விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து, "கடைக்குக் கிளம்பின பாட்டி குடையை வச்சிட்டு வந்துட்டா. ஒரு எட்டு பின்னால போய் எடுத்துக்கிறா. அப்புறம் யாருக்கும் தெரியாம ரெண்டு எட்டு முன்னால வந்துடறா" என்று சொல்லிக்கொண்டே ஊசியை நகர்த்தினார். பின்தையல் நடப்பது அப்படியேதான்: துணியின் மேலே ஊசி ஒரு தையல் அளவு பின்னால் போய் இறங்குகிறது, அடியில் இரண்டு தையல் அளவு முன்னால் வந்து எழும்புகிறது. பாட்டி குடையை எடுக்காமல் போய்விட்டால் கோட்டில் இடைவெளி விழுந்துவிடும். இன்று வரை எனக்கு அந்தத் தையல் கைதவறியதில்லை.

தையல் என்பது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் நிகழ்ச்சிகளின் வரிசை. எதற்குப் பிறகு எது என்பது மாறினால் தையல் நிற்காது. கதையும் அப்படிப்பட்ட வரிசைதான். அதோடு, ஒரு குழந்தை எந்த வரிசையை மறந்தாலும் கதையின் வரிசையை மறப்பதில்லை, நாம் ஓரிடத்தைத் தாண்டிச் சொன்னால் உடனே பிடித்துவிடும். ஆகவே கதையை மிட்டாயாகக் கொடுத்துவிட்டு ஊசியை மருந்தாகக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. கை செய்யும் காரியமே கதையின் காரியமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஓட்டுத் தையலுக்கு நாங்கள் வைத்திருப்பது மெட்ரோ ரயில். சைதாப்பேட்டை வரை மண்ணுக்கடியில் ஓடும் ரயில் சின்னமலையில் பாலத்தின்மேல் ஏறிவிடுவதை இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தவர்கள். ஊசி துணிக்குள் இறங்கினால் சுரங்கம், வெளியே வந்தால் பாலம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் நாளே, "உள்ள போகும்போது ரயில் எவ்ளோ தூரம் போகுது ஆண்ட்டி?" என்று கேட்டான். மேலே தெரியும் தையலும் அடியில் மறையும் இடைவெளியும் சீராக இருக்க வேண்டும் என்பதை நான் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே அவன் அந்தக் கேள்விக்கு வந்துவிட்டான்.

சங்கிலித் தையலுக்கு, சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடும் ரயில் விளையாட்டு. ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கடைசிப் பிள்ளையின் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை. அந்தக் கடைசி வளையத்தின் தலையில் சின்னதாக ஒரு தையல் போட்டு நிறுத்தாவிட்டால், நூலை இழுத்ததும் மொத்த வரிசையும் சரசரவென்று பிரிந்து கையோடு வந்துவிடும். இதை அவர்களே ஒருமுறை இழுத்துப் பார்க்கட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகு ஒருவரும் கடைசிப் பிள்ளையை அநாதையாக விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சு முடிச்சு. அதற்கான கதை காசிமேட்டு மீனுடையது. எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் மீனின் செதில்களை எல்லாம் மூன்று வாரமாகப் போட்டு முடித்திருந்தாள். கண் மட்டும் பாக்கி. கோயில் சிலைக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையால் நூலைத் தளராமல் பிடித்துக்கொண்டு, வெளியே வந்த அதே துளையில் இறக்காமல் ஓரிழை தள்ளி இறக்க வேண்டும். அதே துளையில் இறக்கினால் முடிச்சு நழுவிப் பின்பக்கம் போய்விடும். முதல் தடவை அவளுக்கு அப்படித்தான் போயிற்று. "மீன் கண்ண மூடிக்கிச்சு" என்றாள். இரண்டாம் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இழுத்தாள். கடுகளவு கறுப்பு முடிச்சு துணிமேல் வந்து உட்கார்ந்ததும் மற்ற எட்டுப் பேரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள்.

தலைப்பில் உள்ள வாக்கியமும் அவளுடையதுதான். ஊசியில் நூல் கோக்கும் துளையை நாம் காது என்கிறோம் அல்லவா, "காது இருக்கிறதாலதான் அதுக்குக் கதை புரியுது" என்றாள். நன்னூலில் பவணந்தி முனிவர் நூல் நூற்பதையும் நூல் இயற்றுவதையும் ஒப்பிடும்போது, நூற்பவளின் கையையும் புலவனின் வாயையும் இணையாக வைக்கிறார். கல்லூரியில் மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரம் எனக்கு விளங்கியது இந்த மாடி அறையில்தான்.

எல்லாமே எளிதாக அமைந்துவிடவில்லை. தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு, பிள்ளைகள் ஊசி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கதை சொன்னது. கதை சூடுபிடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு விரல்களில் ரத்தம். இப்போது கதை முழுவதும் கைகள் மடியில் இருக்கும்போதே சொல்லி முடிக்கப்படுகிறது; ஊசியை எடுத்த பிறகு, "இறங்கு, பிடி, ஏறு" என்று கதையின் சுருக்கம் மட்டும்தான். ஆறேழு வயதுக்காரர்களுக்கு, கட்டம் கட்டமாகத் துளை தெரிய நெய்த மேட்டித் துணியும் முனை மழுங்கிய ஊசியும் போதும். ஆறு இழை நூல்கண்டில் மூன்று இழைகளைப் பிரித்து, பூக்காரம்மா அளப்பது போல ஒரு முழம் அளந்து வெட்டுகிறோம். அதைவிட நீளமானால் நூல் சிக்குகிறது, பிள்ளைகளுக்கு அழுகை வருகிறது. ஊசிகளை வகுப்புக்கு முன்பும் பின்பும் எண்ணுவதில் மட்டும் எந்தக் கதையும் கிடையாது.

இடது கைப் பழக்கமுள்ள ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவள் படிக்கும் பள்ளியில் வலது கையால்தான் தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதனால் தனக்குத் தையல் வராது என்றே நம்பிக்கொண்டு வந்தாள். அவளை என் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரில் உட்கார வைத்தேன். குளத்தில் தெரியும் நிழல் போல நான் செய்வதை அப்படியே அவள் செய்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதைச் செய்ய மனமில்லாமல் ஒரு குழந்தையை இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்தார்களே என்று அன்று இரவெல்லாம் எனக்கு ஆறவில்லை.

பிள்ளைகளுக்குக் கைவேலை கற்பிப்பது என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு, அது நியாயமானதும்கூட. 1953இல் ராஜாஜி ஆட்சியில் வந்த, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிட வைத்த மண் இது. எந்த வீட்டில் பிறந்தாயோ அந்த வேலை என்பதைத்தான் அன்று எதிர்த்தார்கள். நான் கேட்பது, எந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், ஊசியில் ஒரு கதை சொல்லத் தெரிய வேண்டும் என்பது. அதனால்தான், "பொம்பளப் புள்ளைங்க வேலைய இவனுக்கு எதுக்குக் கத்துத் தர்றீங்க?" என்று கேட்ட அப்பாவிடம் நான் சமாதானம் பேசவில்லை, மகன் தைத்த மெட்ரோ பாலத்தைக் கையில் கொடுத்தேன். கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலைக்கு இன்று நல்ல கூலி இருக்கிறது, கல்யாண பிளவுஸுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள், அதையே கற்றுக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பெரியவர்கள் அதைக் கற்றுச் சம்பாதிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. பத்து வயதுப் பிள்ளையின் துணிக்கு விலை பேச நான் இடம் கொடுக்க மாட்டேன்.

கடைகளில் கிடைக்கும் அச்சிட்ட பூ வடிவங்களையும் நான் வாங்குவதில்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் தைக்கிறார்கள். அந்தக் கைவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரான்சில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கும் பாயோ துணி, எழுபது மீட்டருக்குச் சற்றே குறைவான நீளத்தில், 1066இல் நடந்த போரின் கதையை முழுவதும் ஊசியாலேயே சொல்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் உடுத்திப் பழசான புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பெரும்பாலும் வெறும் ஓட்டுத் தையலாலேயே மீனும் பல்லக்கும் குதிரையுமாகக் காந்தா போர்வைகளை நிறைத்தார்கள். எங்கள் மூன்றாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த ஒரே தையலும் அதுதான்.

ஜூன் மாதத்திலிருந்து ஒன்பது பேரும் சேர்ந்து அப்படி ஒரு போர்வை தைக்க இருக்கிறோம். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் புடவைகள் வேண்டும். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பாலியெஸ்டர் கலந்தது மட்டும் வேண்டாம். கொடுப்பவர்கள், அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போன ஏதாவது ஒரு நாளைப் பற்றி நான்கு வரி எழுதி, தாளை முந்தானையில் முடிந்து கொடுங்கள். முடிச்சைப் பிள்ளைகள்தான் அவிழ்ப்பார்கள்.