ஆயிரம் கட்டுரைகள் என்றால் என்ன பொருள்?

“துகள் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பெயரில் ஆயிரம் கட்டுரைகள் இருந்தால், அவ்வளவையும் எழுதியவர் அவர்தான், பட்டியலில் முதல் பெயர் இருப்பவர்தான் தலைவர்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல.

ஜெனீவா அருகே உள்ள சேர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் போன்ற கூட்டாய்வுகளில், தகுதி பெற்ற உறுப்பினர்கள் அனைவரின் பெயரும் அச்சாகும்; அட்லஸில் அகர வரிசையில், சிஎம்எஸ்ஸில் நிறுவன வாரியாக. முதல் பெயர் அந்த வரிசையால் வந்தது, அவ்வளவுதான். அடிப்படைத் துகள்களில் ஒன்றான ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் இரு குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போனது!

அதற்காக அந்தப் பெயர்கள் சும்மா வந்தவை என்றும் சொல்லிவிடாதீர்கள். அட்லஸில் புதிதாகச் சேர்பவர், துகள்களைப் பதிவுசெய்யும் உணர்கருவியிலோ மென்பொருளிலோ ஒரு தகுதிப் பணியை முடித்த பிறகே ஆசிரியர் பட்டியலுக்கு வர முடியும். கருவி ஓடாமல் தரவு ஏது?

பேராசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும்போது எண்ணிக்கையை வைத்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. எந்தப் பகுப்பாய்வை அவர் முன்னின்று செய்தார், எந்தக் கருவியைக் கட்டினார், உடன் உழைத்தவர்கள் பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அப்புறம், சோதனை செய்யாமல் கணக்கிட்டுக் கோட்பாடு உருவாக்கும் கோட்பாட்டாளர்களின் கதை வேறு: ஒரு கட்டுரைக்குப் பெரும்பாலும் சில பேர்தான். அவர்களையும் இவர்களையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது அநியாயம்.