மேஜர்களை எண்ணுவதற்கு முன்

கோல்ஃபில் மிகப் பெரிய போட்டிகளை மேஜர் என்பார்கள். டைகர் வுட்ஸ் வென்றது 15 மேஜர். அமெரிக்க வீராங்கனை பேட்டி பெர்க்கும் 15 மேஜர். சாதனைப் பட்டியல்களில் இந்த இரண்டு பதினைந்தும் ஒரே மதிப்பு உள்ளவை போலப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெர்க் சாதாரண ஆட்டக்காரர் என்பதால் அல்ல. ஆண்கள் கோல்ஃபில் எந்த நான்கு போட்டிகள் மேஜர் என்பது 1960-களிலிருந்து மாறவே இல்லை. பெண்கள் கோல்ஃபில் அந்தப் பட்டியல் திரும்பத் திரும்ப மாறியிருக்கிறது. மாறிய அளவுகோலால் அளந்த எண்ணை மாறாத அளவுகோலால் அளந்த எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் தப்பாகத்தான் தெரியும்.

பெர்க்கின் 15-ஐப் பிரித்துப் பாருங்கள். டைட்டில்ஹோல்டர்ஸ் 7, வெஸ்டர்ன் ஓபன் 7, யுஎஸ் மகளிர் ஓபன் 1. முதல் இரண்டும் இன்று மேஜர் பட்டியலில் இல்லை. டைட்டில்ஹோல்டர்ஸை அவர் முதலில் வென்றது 1937-ல், அமெச்சூராக. பெண்கள் தொழில்முறை கோல்ஃப் அமைப்பான எல்பிஜிஏ தொடங்கியதே 1950-ல்தான்; அதை நிறுவிய 13 பெண்களில் பெர்க்கும் ஒருவர். அதாவது அவருடைய ஆரம்ப வெற்றிகளுக்கு எல்பிஜிஏ கணக்கில் இடம் கிடைத்தது பல வருடம் கழித்து. (டைட்டில்ஹோல்டர்ஸ் பெரும்பாலும் நடந்த அகஸ்டா கன்ட்ரி கிளப், மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா நேஷனலுக்கு அடுத்த மனை.)

ஆண்கள் பக்கம் கதை தலைகீழ். வால்டர் ஹேகன் வெஸ்டர்ன் ஓபனை ஐந்து முறை வென்றவர். அன்றைக்கு அமெரிக்காவில் அது மிகப் பெரிய பட்டம். இன்றைய கணக்கில் ஹேகனுக்கு 11 மேஜர், அதில் அந்த ஐந்தும் கிடையாது. ஒரே பெயருள்ள போட்டி பெண்களுக்கு மேஜர், ஆண்களுக்கு இல்லை. ஏன் என்றால், மேஜர் எது என்று தீர்ப்பு சொல்ல உலக அமைப்பு எதுவும் கோல்ஃபில் இல்லை. ஆண்களின் நான்குக்கும் நான்கு உரிமையாளர்கள்: மாஸ்டர்ஸ் ஒரு தனியார் கிளப்புடையது, பிஜிஏ சாம்பியன்ஷிப் தொழில்முறை கோல்ஃபர்கள் சங்கமான அமெரிக்க பிஜிஏவுடையது, யுஎஸ் ஓபன் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏவுடையது, தி ஓபன் (பிரிட்டிஷ் ஓபன்) ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்புடையது. இந்த நான்கையும் ஒரே மூட்டையாகப் பார்க்கும் வழக்கம் ஆட்டக்காரர் ஆர்னால்ட் பால்மர் 1960-ல் அதைப் பற்றிப் பேசிய பிறகுதான் ஊன்றியது. அதற்கு ஏழு வருடம் முன்னால் பென் ஹோகன் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓபன், தி ஓபன் மூன்றையும் வென்றார். நான்காவதான பிஜிஏவில் அவரால் ஆடவே முடியவில்லை; தி ஓபனும் பிஜிஏவும் அந்த ஜூலையில் தேதி மோதிக்கொண்டன. நான்கும் ஒரு தொகுப்பு என்று யாராவது நினைத்திருந்தால் அப்படித் தேதி வைத்திருக்க மாட்டார்கள்.

பெண்கள் கணக்கில் பெரிய அநியாயம் நடந்திருப்பது கேத்தி விட்வொர்த்துக்கு. 88 பட்டங்கள், எல்பிஜிஏ வரலாற்றிலேயே அதிகம். மேஜர் ஆறுதான். "பெரிய போட்டியில் சறுக்குவார் போல" என்று முடிவு கட்டும் முன் ஆண்டுகளைப் பாருங்கள். வெஸ்டர்ன் ஓபன் 1967-க்குப் பிறகு பட்டியலில் இல்லை. டைட்டில்ஹோல்டர்ஸ் 1966-ல் நின்றது, 1972-ல் ஒரே ஒருமுறை தலைகாட்டிவிட்டு மறைந்தது. ஆக 1968 முதல் 1978 வரை, அந்த 1972-ஐத் தவிர, ஆண்டுக்கு இரண்டே மேஜர்கள். அதே காலத்தில் ஜாக் நிக்லாஸுக்கு ஆண்டுதோறும் நான்கு வாய்ப்பு. விட்வொர்த்தின் உச்சக் காலம் அந்த வறட்சியில்தான் விழுந்தது.

கெரி வெப்புக்கு வேறு மாதிரி நஷ்டம். பிரிட்டிஷ் மகளிர் ஓபனை 1995, 1997, 2002 என மூன்று முறை வென்றார். எல்பிஜிஏ அதை மேஜராக ஏற்றது 2001-ல். அதனால் முதல் இரண்டும் கணக்கில் இல்லை. 2001-ல் ஏன் ஏற்றார்கள்? கனடாவில் புகையிலை விளம்பரத்துக்குச் சட்டம் இறுகியது. டு மோரியர் என்ற சிகரெட் பிராண்டின் பெயரில் நடந்த மேஜர் 2000-த்தோடு அந்தத் தகுதியை இழந்தது. காலியான நாற்காலியில் பிரிட்டிஷ் மகளிர் ஓபன் உட்கார்ந்தது. சிகரெட் விளம்பரச் சட்டம் ஒருவரின் மேஜர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்றால் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது?

2013-ல் பிரான்ஸில் நடக்கும் எவியான் போட்டி ஐந்தாவது மேஜராகச் சேர்ந்தது. அதே போட்டியை 2012-ல் இன்பி பார்க் வென்றிருந்தார், அது மேஜர் இல்லை. 2013-ல் அவர் முதல் மூன்று மேஜர்களையும் வரிசையாக அடித்தார். உடனே, கிராண்ட் ஸ்லாம் (ஒரே ஆண்டில் எல்லா மேஜரையும் வெல்வது) என்றால் நான்கா ஐந்தா என்று குழப்பம். 2015-ல் டர்ன்பெரியில் பிரிட்டிஷ் மகளிர் ஓபனையும் பார்க் வென்றபோது, ஐந்தில் வெவ்வேறு நான்கு போதும், கேரியர் கிராண்ட் ஸ்லாம் (ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் சேர்த்து வெல்வது) முடிந்தது என்று எல்பிஜிஏ சொன்னது. அன்று பலர் முகம் சுளித்தார்கள். என் பார்வையில் எல்பிஜிஏ சொன்னது சரி. ஐந்தையும் கட்டாயமாக்கினால், போட்டியைக் கூட்டக் கூட்ட பழைய ஆட்டக்காரர்களின் சாதனை தானாகச் சுருங்கும்.

ஆனால் எவியானை மேஜராக நடத்திய விதத்தை என்னால் ஆதரிக்க முடியாது. மேஜர் என்றால் நான்கு சுற்று, 72 ஹோல். மேஜராக நடந்த முதல் ஆண்டிலேயே மழையால் 54 ஹோலாகக் குறைத்தார்கள். சூசன் பெட்டர்சன் வென்றார். 2017-ல் நடந்தது அதைவிட மோசம். வியாழக்கிழமை காற்றும் மழையும். முதல் சுற்றைத் தொடங்கிவிட்டு, அதை முழுதாக ரத்து செய்து, மறுநாள் புதிதாக ஆரம்பித்தார்கள். பார்க் சுங்-ஹ்யுன் அப்போது ஐந்து ஹோலில் 6 ஓவர், அதாவது பார் என்று நிர்ணயித்த அடிகளைவிட 6 அதிகம். அது அழிந்தது, மறுநாள் 63 அடித்தார். ஜெசிகா கோர்டா 2 அண்டரில் (பாரைவிட 2 குறைவு) முன்னணியில் இருந்தார், அதுவும் அழிந்தது. ஆன்னா நார்ட்க்விஸ்ட் ப்ளே-ஆஃபில் வென்றார், வென்றவர் மேல் குறையில்லை. 2009-ல் பெத்பேஜ் யுஎஸ் ஓபனும் 2015-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓபனும் மழை, காற்றில் மாட்டித் திங்கட்கிழமை வரை இழுத்தன, ஆனால் 72-ஐ முடித்தன. ஒருநாள் கூடுதலாகத் தங்க மனமில்லாத போட்டிக்கு மேஜர் பட்டம் எதற்கு? செப்டம்பரில் வைத்ததும் ஒரு காரணம்: ஆல்ப்ஸ் அடிவாரத்தில் அப்போது பகல் குறைவு, சுற்று தடைபட்டால் ஈடுகட்ட வெளிச்சம் இருக்காது. 2019-லிருந்து ஜூலைக்கு நகர்த்தினார்கள், நல்ல முடிவு.

இன்று செவ்ரான் என்ற பெயரில் நடக்கும் போட்டி 1972-ல் பாடகி டைனா ஷோர் பெயரோடு தொடங்கியது, 1983-ல் மேஜரானது. பிறகு நபிஸ்கோ, கிராஃப்ட் நபிஸ்கோ, ஏஎன்ஏ என ஸ்பான்சருக்கு ஒரு பெயர். இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது கலிஃபோர்னியாவின் மிஷன் ஹில்ஸ் மைதானமும், 18-வது கிரீன் (குழி இருக்கும் புல்தரை) பக்கத்துக் குளமும். 1988-ல் வென்ற ஏமி ஆல்காட் அதில் குதித்தார்; பின்னாளில் வென்றவர் அதில் குதிப்பது சடங்கானது. 2023-ல் போட்டியை டெக்சஸுக்குக் கொண்டுபோனார்கள். காரணம் இல்லாமல் இல்லை: மாஸ்டர்ஸுக்கு முந்தைய வாரம் அகஸ்டா நேஷனல் 2019-ல் தொடங்கிய மகளிர் அமெச்சூர் போட்டி, டிவி நேரத்தையும் கவனத்தையும் தின்றது, புது ஸ்பான்சர் பரிசுத் தொகையையும் கூட்டினார். பணம் வந்தது சரி. ஆனால் ஒரே மைதானத்தில் வருடாவருடம் நடந்த ஒரே பெண்கள் மேஜர் அமெரிக்காவில் அதுதான். மாஸ்டர்ஸில் 12-வது ஹோல் என்றதும் ரேஸ் க்ரீக்கும் காற்றும் எல்லோருக்கும் நினைவு வருகிறதே, அந்த ஞாபகம் சேர ஐம்பது வருடம் ஆகும். கலைக்க ஒரு ஒப்பந்தம் போதும்.

மற்ற மூன்றும் சரியான பாதையில் போகின்றன, காரணம் மைதானங்கள். பிரிட்டிஷ் மகளிர் ஓபன் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்துக்கு 2007-ல் முதன்முறை போனது, 2022-ல் மியூர்ஃபீல்டுக்கு. பெண்களை உறுப்பினராக்க 2016-ல் மறுத்து, ஓபன் நடத்தும் மைதானங்களின் பட்டியலிலிருந்து ஆர் அண்ட் ஏ நீக்கியதும் 2017-ல் மனம் மாறிய அதே கிளப். மகளிர் பிஜிஏ ஹேசல்டைன், பால்டஸ்ரால் என்று ஆண்கள் மேஜர் நடந்த இடங்களுக்குப் போகிறது. பரிசில் இடைவெளி இன்னும் உண்டு: 2025-ல் யுஎஸ் ஓபன் 2.15 கோடி டாலர், யுஎஸ் மகளிர் ஓபன் 1.2 கோடி.

பெண்கள் மேஜரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 2014 பைன்ஹர்ஸ்ட் எண் 2 மைதானம் நல்ல பாடம். அடுத்தடுத்த வாரங்களில் ஒரே மைதானத்தில் இரண்டு யுஎஸ் ஓபன், இரண்டுக்கும் பார் 70. ஆண்களுக்குச் சுமார் 7,500 கெஜம், பெண்களுக்குச் சுமார் 6,600. தூரத்தைக் குறைத்தது சலுகை அல்ல; கிரீனை நோக்கி அடிக்கும் இரண்டாவது ஷாட்டுக்கு இருவர் கையிலும் ஏறத்தாழ ஒரே கிளப் (மட்டை) இருக்க வேண்டும் என்பதே கணக்கு. பெண்கள் அடிக்கும் பந்து தாழ்வாக, குறைந்த சுழற்சியோடு வந்து இறங்கும் என்பதால் கிரீனைக் கொஞ்சம் மென்மையாக வைக்க வேண்டும். ஆண்கள் முதலில் ஆடியது அதற்கு வசதி: இறுகிய கிரீனுக்குத் தண்ணீர் விட்டுத் தளர்த்தலாம், ஈரமானதைச் சில நாளில் இறுக்குவது வானத்தின் கையில். பயந்தது, ஆண்கள் பெயர்த்த புல்தரைக் குழிகளில் பெண்களின் பந்து போய் உட்காரும் என்று. அப்படிப் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. மார்ட்டின் கைமர் 9 அண்டர், மிஷெல் வீ 2 அண்டர். ஆண்களில் மூன்றே பேர் பாருக்குக் கீழே, பெண்களில் வீ மட்டும். 2029-ல் இதே ஏற்பாடு மறுபடியும் பைன்ஹர்ஸ்டில் வருகிறது. மேஜர் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு ஹோலிலும் இரண்டாவது ஷாட்டுக்கு யார் என்ன கிளப் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே பாருங்கள்.