மூன்றாம் பேஸிலிருந்து எத்தனை அடி?

நவம்பர் 1ஆம் திகதி இரவு முடிந்து ஒரு முழுப் பனிக்காலமும் கழிந்துவிட்டது. ஆனாலும் ஸ்காபரோவில் நான் போகிற பிறந்தநாள் வீடுகளிலும், சாவீட்டுக்குப் போய்விட்டு வாசலில் நின்று கதைக்கிற நேரங்களிலும்கூட, எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸ் என்று யாராவது வாயெடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பேச்சு ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது: ஐசையா கைனர்-ஃபலேஃபா ஏன் மூன்றாம் பேஸை ஒட்டிக்கொண்டு நின்றார்? வட அமெரிக்கப் பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2025இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டோட்ஜர்ஸிடம் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தைத் தோற்றதற்கான முழுப் பழியும் இந்த ஒரு கேள்விக்குள் அடைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழி பிழையான ஆளின் தலையில் விழுந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதிலும், எங்களைப் போலக் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் அதைச் சுமத்துவதில் ஒரு கூடுதல் பிழை இருக்கிறது.

ஆட்டத்தைப் பாராமல் நித்திரைக்குப் போனவர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ ரொஜர்ஸ் சென்டரில் வழமையாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, அடிப்பது புளூ ஜேஸ், ஆட்டம் 4-4, ஒருவர் அவுட். முழங்கால் காயத்தோடு விளையாடிக்கொண்டிருந்த போ பிஷெட் முதலாம் பேஸை அடைந்ததும், அவருக்குப் பதிலாக ஓடுவதற்கு இறக்கப்பட்டவர்தான் கைனர்-ஃபலேஃபா. அடிசன் பார்ஜர் வோக் வாங்க (அடிக்க முடியாத இடத்தில் நான்கு பந்து போனால் முதலாம் பேஸ் இலவசம்), முதல்நாள் இரவுதான் ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசியிருந்த டோட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ ஓய்வே இல்லாமல் மறுபடி வந்தார். வந்ததும் அடுத்த துடுப்பாட்டக்காரர் அலெஹான்ட்ரோ கெர்க்கின் மேல் பந்தை எறிந்தார்; அதற்கும் முதலாம் பேஸ் இலவசம். மூன்று பேஸிலும் ஆள். மூன்றாம் பேஸிலிருந்து, ஓட்டம் பூர்த்தியாகிற ஹோம் பிளேட் 90 அடி. அந்த 90 அடியை ஒருவர் கடந்தால் 1993க்குப் பிறகு முதல் தடவையாகக் கிண்ணம் ரொறன்ரோவுக்கு. டோல்டன் வார்ஷோ தரையோடு அடித்த பந்தை டோட்ஜர்ஸின் இரண்டாம் பேஸ்காரர் மிகேல் ரோஹாஸ் தடுமாறிப் பிடித்து, விழாமல் சமாளித்து, ஹோமுக்கு எறிந்தார். பந்தோடு பிளேட்டை மிதித்திருக்க வேண்டிய கேச்சர் வில் ஸ்மித்தின் கால் அதிலிருந்து ஒரு கணம் எழும்பியது, மறுபடி இறங்கியது. சறுக்கிக்கொண்டு வந்த கைனர்-ஃபலேஃபாவின் கால் அதற்குப் பிறகே பட்டது. காணொளியில் திருப்பிப் பார்த்தார்கள். அவுட் என்ற தீர்ப்பு மாறவில்லை.

எங்கள் வீட்டு நிலவறையில் அந்தக் கணம் பதினொரு பேர் இருந்தோம். தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோன என் மச்சான் அதை அப்படியே கதிரைக் கைப்பிடியில் வைத்துவிட்டு எழும்பி, "உவன் ஏன்ரா பேஸுக்குள்ளையே நிண்டவன்? நொன்-ஸ்ரைக்கர் எண்டால் பந்து கையை விட்ட உடனை பாதிப் பிச் போயிருக்க வேண்டாமே?" என்று கத்தினார். கோப்பை கவிழ்ந்தது. கம்பளத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அந்த வசனத்தை இந்தப் பனிக்காலத்தில் குறைந்தது இருபது பேரிடமாவது வேறு வேறு சொற்களில் கேட்டிருப்பேன். 1999இல் எட்ஜ்பாஸ்ரனில் ஓடாமல் நின்று, பிறகு துடுப்பையும் தவறவிட்டு ஓடிய அலன் டொனால்டை மறக்காத தலைமுறை நாங்கள். ஓடவேண்டிய நேரத்தில் ஓடாதவனை எங்களால் மன்னிக்க முடிவதில்லை.

ஆனால் கிரிக்கெட்டில் நொன்-ஸ்ரைக்கர் முன்னேறி நிற்பதற்கு எந்தப் பயமும் இல்லாத ஒரு நிலைமை இருக்கிறது. அதை நாங்கள் கவனிப்பதே இல்லை. அடித்த பந்து நிலத்தில் படாமல் பிடிபட்டால் துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழப்பார், பந்து அந்தக் கணமே செத்துவிடும், எதிர்முனைக்காரர் எத்தனை யார் தள்ளி நின்றாலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. பேஸ்போலில் பந்து சாவதில்லை. நேராகப் பறந்த பந்து ஒரு களத்தடுப்பாளரின் கையுறைக்குள் போனால், பேஸை விட்டு வெளியே நிற்கிறவர் திரும்பி வந்து பேஸைத் தொட்டாக வேண்டும். அதற்குள் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவரும் அவுட். ஒருவர் ஏற்கெனவே அவுட்டாகியிருக்கும் நிலையில் அப்படி நடந்தால் ஒரே அடியில் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஆகவே மூன்றாம் பேஸில் நிற்கிறவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை இருக்கிறது. தரையோடு வரும் பந்துக்கு அந்த அடி லாபம். நேராகப் பறக்கும் பந்துக்கு அதே அடி நட்டம். எது வரப்போகிறது என்பது தெரிவதற்கு முன்னரே காலை எங்கே வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. முதல்நாள் இரவு நடந்ததை நினைத்தாலே போதும். ஒக்ரோபர் 31, பிள்ளைகள் முகமூடியோடு வீடு வீடாக இனிப்பு வாங்கிக்கொண்டு திரிந்த அந்த வெள்ளிக்கிழமை, ஆறாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-1 என்று பின்தங்கியிருந்தோம். பார்ஜர் அடித்த பந்து வேலியின் அடியில் போய்ச் செருகிக்கொண்டதால் ஓட்டக்காரர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸ்களோடு நிறுத்தப்பட்டார்கள். பிறகு ஒருவர் அவுட். அதன் பின் அந்த்ரெஸ் ஹிமெனெஸ் இடப்பக்கம் அடித்த பந்தை, முன்னோக்கி ஓடிவந்த டோட்ஜர்ஸின் கீக்கே ஹெர்னான்டஸ் தாழ்வாகப் பிடித்து, ஓடிய வேகத்திலேயே இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். பேஸை விட்டு அதிகம் போய்விட்டிருந்த பார்ஜர் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்தது. அந்த எறியைத் துள்ளலோடு பிடித்து வைத்திருந்தவரும் இதே ரோஹாஸ்தான்.

அன்று இரவு என் மச்சான் என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பேஸிலை நிண்டிருந்தால் என்ன குறைஞ்சு போகும்? உவனுக்கு என்ன அவசரம்?" என்று பார்ஜரைத்தான் திட்டினார். தூரம் போனவரை வெள்ளிக்கிழமை திட்டினோம். தூரம் போகாதவரைச் சனிக்கிழமை திட்டினோம். இரண்டு வசைக்கும் இடையில் இருபத்துநான்கு மணித்தியாலம்தான்.

பேஸுக்கு அண்மையில் நிற்குமாறும், நேராக வரும் பந்தில் இரட்டை அவுட்டாகிவிடக் கூடாது என்றும் தமக்குச் சொல்லப்பட்டிருந்ததாக ஆட்டத்துக்குப் பிறகு கைனர்-ஃபலேஃபா விளக்கினார். வெள்ளிக்கிழமை அப்படித் தோற்ற ஓர் அணி, சனிக்கிழமை அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். அவரில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. டோட்ஜர்ஸின் மூன்றாம் பேஸ்காரர் மக்ஸ் மன்சி பேஸை ஒட்டி நிற்கவில்லை, திடீரென எறியும் பந்தைப் பிடித்து அவரை அவுட்டாக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே பிட்சர் எறியும் நேரத்தில் இன்னும் ஓர் எட்டு, அல்லது அரை எட்டு, கூட எடுத்திருக்கலாம். சறுக்காமல் நேராக ஓடிப் பிளேட்டை மிதித்திருக்கலாம் என்று சொல்கிறவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. இவையெல்லாம் பேசத்தக்கவை. ஆனால் பயிற்சியாளர் சொன்னதைச் செய்தவரை, அதுவும் ஓகஸ்ட் கடைசியில் அணிக்குத் திரும்பி வந்து கிடைத்த சிறு வேலையைச் செய்துகொண்டிருந்தவரை, ஒரு நகரத்தின் முப்பத்திரண்டு வருடக் காத்திருப்பைக் கெடுத்தவர் என்று முத்திரை குத்துவது வேறு விடயம்.

பழி தேடுகிறவர்களுக்கு அதே ஒன்பதாவது இன்னிங்ஸின் முன்பாதியிலேயே தாராளமாகச் சாமான் கிடக்கிறது. 4-3 என்று முன்னிலை. வெற்றிக்கு இன்னும் இரண்டே அவுட். துடுப்பாட்ட வரிசையில் ஒன்பதாவது ஆளான ரோஹாஸுக்கு எங்கள் பிட்சர் ஜெஃப் ஹொஃப்மன் வீசிய பந்து வேலிக்கு அப்பால் போனது. ரோஹாஸ் பெயர் பெற்ற ஹோம் ரன்காரர் அல்லர். களத்தடுப்புக்காகவே அணியில் வைத்திருக்கப்பட்டவர். அந்தப் பந்து இல்லையென்றால் பின்பாதியே இல்லை. பின்பாதியில், வார்ஷோவுக்குப் பிறகு ஏர்னி கிளெமென்ட் இடப்பக்க ஆழத்துக்கு அடித்த பந்தை, சற்று முன்னர்தான் மாற்றாளாக வந்திருந்த அன்டி பஹேஸ் ஓடிவந்து, ஹெர்னான்டஸை இடித்து வீழ்த்தியபடி பிடித்தார். அந்த மாற்றத்தை டோட்ஜர்ஸ் செய்யாமல் விட்டிருந்தால் கைனர்-ஃபலேஃபா எங்கே நின்றார் என்று இன்று எவரும் கேட்கப்போவதில்லை.

1986 உலகத் தொடரில் பொஸ்ரன் ரெட் சொக்ஸ் அணியின் பில் பக்னருக்கு நடந்ததும் இதுதான். ஆறாவது ஆட்டத்தில் பந்து அவருடைய கால்களுக்கிடையில் போவதற்கு முன்னரே மெற்ஸ் அணி ஆட்டத்தைச் சமன்செய்திருந்தது. ஏழாவது ஆட்டமும் இருந்தது, அதில் பொஸ்ரன் 3-0 என்று முன்னிலையும் பெற்றது. கடைசி இன்னிங்ஸ்களில் வழமையாக அவரை எடுத்துவிட்டு வேறு ஆளை நிறுத்துகிற முகாமையாளர் அன்று அதைச் செய்யவில்லை. இவ்வளவு இருந்தும் இரண்டு தசாப்தங்களாக மக்கள் அந்த ஒரு பந்தை மட்டுமே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். 2008இல் ஃபென்வே பார்க்கில் சம்பிரதாயப் பந்தை எறிய அவர் வந்தபோது அரங்கு எழுந்து கைதட்டியது. அதற்கு இருபத்திரண்டு வருடம் தேவைப்பட்டது.

இந்தப் பனிக்காலத்தில் செய்திக்குப் பஞ்சமில்லை. பிட்சர் டிலன் சீஸ் ஏழு வருடத்துக்கு 210 மில்லியன் டொலருக்கு ரொறன்ரோ வந்தார். பிஷெட் நியூயோர்க் மெற்ஸுக்குப் போனார். வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் திகதியோடு முடிவதால், 1994இல் உலகத் தொடரையே இல்லாமற் செய்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பலர் இப்போதே கலங்குகிறார்கள். இந்தப் பருவத்திலிருந்து பிட்சரோ கேச்சரோ துடுப்பாட்டக்காரரோ தலையைத் தட்டி நடுவரின் ஸ்ரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடலாம் என்பதும் வந்துவிட்டது. அதை நான் வரவேற்கிறேன், டி.ஆர்.எஸ். பார்த்துப் பழகிய எங்களுக்கு அது புதிதும் இல்லை. இவ்வளவையும் விட்டுவிட்டு, மச்சான் போன ஞாயிற்றுக்கிழமையும் அந்த மூன்றாம் பேஸையே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம், சமநிலை நீடித்ததால் வந்த பதினொராவது இன்னிங்ஸைப் பற்றிக் கேட்டேன். வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னால் 5-4 என்று பின்தங்கிய நிலையில், விளாடிமிர் கெரேரோ முதல் ஆளாக வந்து அடித்து இரண்டாம் பேஸை எட்டினார். அடுத்து வந்தவர் கைனர்-ஃபலேஃபா. பிஷெட்டின் இடம் இப்போது அவருடையது அல்லவா. தன் அவுட்டைக் கொடுத்து, பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, கெரேரோவை மூன்றாம் பேஸுக்கு நகர்த்தினார். சமன்செய்யும் ஓட்டம் மறுபடியும் அதே 90 அடியில். பார்ஜர் வோக் வாங்கினார். கெர்க்கின் துடுப்பு முறிந்து, பந்து மூக்கி பெட்ஸிடம் உருண்டுபோய், இரட்டை அவுட்டில் எல்லாம் முடிந்தது. நள்ளிரவு தாண்டியிருந்தது; மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற இரவும் அதுவேதான், கிடைத்த அந்த மேலதிக மணித்தியாலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் கண்மூடவில்லை.

"அந்தத் தட்டல் உனக்கு நினைவிருக்கா?" என்று கேட்டேன். மச்சானுக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப கெரேரோ மூண்டாம் பேஸிலையிருந்து எவ்வளவு தூரத்திலை நிண்டவன்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அந்த நேரத்தில் எங்கள் பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.