தாள் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள்

பிரஜாவுரிமை விண்ணப்பம் என்று பேச்சு வந்தாலே, "ஆவணம் ஒழுங்காக இருந்தால் வேலை தானாக நடக்கும்" என்று ஒருவர் சொல்லுவார், சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் இலங்கை மலையகத்தில் பிறந்து வளர்ந்த என்னால் இதற்குத் தலையாட்ட முடியாது. கையில் கட்டுக்கட்டாகத் தாள் வைத்திருந்தவர்களை இந்த நாடு திருப்பி அனுப்பியிருக்கிறது. ஒரு தாளும் இல்லாதவர்களைச் சேர்த்தும் கொண்டிருக்கிறது. இரண்டும் நம்முடைய மலையில்தான் நடந்தன.

1948 நவம்பர் 15 அன்று இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்தவர் வம்சாவளிப் பிரஜை ஆகவேண்டுமானால் அப்பா இலங்கையில் பிறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்கவேண்டும். இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டது. ஆனால் அந்தக் காலத்து இலங்கையில், எந்தக் கிராமத்தில், பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? மற்றவர்களிடம் அதை யாரும் கேட்கவில்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்களிடம் மட்டும் கேட்டார்கள்.

அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை அவகாசம். கல்யாணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன்னால் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்கவேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் இங்கேயே இருந்ததையும் காட்டவேண்டும். இதையெல்லாம் காட்டவேண்டியவர் யார்? விடியற்காலையில் பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறிய தொழிலாளி. அவர் வேலை செய்த ஒவ்வொரு நாளும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. அந்த செக்ரோல் தோட்டத்து ஆபிசில், துரை என்கிற தோட்ட மேலாளரின் பொறுப்பில் இருந்தது. தொழிலாளியின் வீட்டில் இல்லை. பிள்ளை பிறந்தால் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டிய கடமையும் தோட்ட நிர்வாகத்தினுடையதுதான்.

எனக்கு ஆறாத விஷயம் இதுதான். தாளை எழுதியவர்கள் ஒரு பக்கம், அதைப் பூட்டி வைத்திருந்தவர்கள் அதே பக்கம், தாள் இல்லை என்று தண்டனை வாங்கியவர் மட்டும் மறுபக்கம்.

சுமார் 825,000 பேருக்காக 237,000 அளவில் விண்ணப்பங்கள் போயின. தோட்டத் தொழிலாளர்களின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தைப் புறக்கணித்ததால் கடைசி மாதங்களில்தான் அவை மலைபோல் குவிந்தன. பத்துப் பன்னிரண்டு வருட விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 134,000 பேர். மிச்சம் இருந்த அத்தனை பேரும் பொய்யா சொன்னார்கள்? மலையில் நின்ற தேயிலைச் செடி ஒவ்வொன்றும் அவர்கள் இங்கே இருந்ததற்குச் சாட்சி. செடியை ஆவணமாக எடுத்துக்கொள்ள ஒரு அதிகாரியும் தயாராக இருக்கவில்லை.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த 1964 அக்டோபர் 30 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியப் பக்கம் ஏழு பேர் என்றால் இலங்கைப் பக்கம் நாலு பேர் என்பது கணக்கு. உங்கள் கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பக்கத்து லயத்துக் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறும்வரை அது மேசையில் காத்துக் கிடக்கும். ஆவணம் சரியாக இருந்தால் வேலை நடக்கும் என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

இனி மறுபக்கம். 2003 இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசிப்பவரும் அவருடைய வழி வந்து இங்கே வசிப்பவரும் பிரஜைகள் என்று சட்டமே சொல்லிவிட்டது. அந்த வருடக் கடைசியில் ஐ.நா. அகதிகள் ஆணையமும் அரசும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தோட்டப் பகுதிகளில் முகாம் போட்டார்கள். படிவத்தில் தன்னைப் பற்றிய பிரகடனம் எழுதி, கையெழுத்துப் போட்டு, உறுதிப்படுத்திக் கொடுத்தால் சரி. பத்து நாள் அளவில் ஏறக்குறைய 190,000 பேர் பிரஜாவுரிமை பெற்றார்கள்.

அதே மலை, அதே ஜனம், அதே லயம். செக்ரோல் கிடைக்காத பிரச்சினை 2003 இலும் அப்படியேதான் இருந்தது. மாறியது அரசின் நினைப்பு மட்டும். ஒருவரைச் சேர்த்துக்கொள்ள மனது இருந்தால் ஒரு கையெழுத்துப் போதும், மனது இல்லையென்றால் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கலாம். ஆவணப் பட்டியல் நீளமா குட்டையா என்பது விண்ணப்பம் போடுகிறவரின் யோக்கியதையைக் காட்டுவதில்லை. பட்டியலை எழுதியவரின் எண்ணத்தைத்தான் காட்டுகிறது.

இது பழைய கதை, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று தம்பிமார் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். சரியாகவில்லை, தம்பி. நான் ஹட்டன் பக்கம் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள். போன வருடம் ஒரு தங்கச்சி வந்தாள். அவளுடைய அப்பா அம்மா தோட்டத்துக்காரர்கள். 1977 இனக்கலவரத்தில் அடிபட்டு வடக்கே வன்னிக்குப் போனவர்கள், 1990 இல் அங்கிருந்து படகில் ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் ஒரு அகதி முகாம். அவள் வன்னியில் பிறந்தவள், பிள்ளைகள் இரண்டும் தமிழ்நாட்டில் பிறந்தவை. யுத்தம் முடிந்த பிறகு ஊர் திரும்பி மாமா வீட்டில் இருக்கிறாள்.

சொப்பிங் பேக்கைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். முகாம் குடும்ப அட்டை, லேமினேட் பண்ணியதில் ஓரம் பிரிந்து ஈரம் ஏறியிருந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அவளுடைய பெயர் முத்துலட்சுமி, முன்னால் ஒரே ஒரு தலைப்பெழுத்து. அவளுடைய சொந்தப் பிறப்புப் பதிவில் முத்துலெச்சுமி, தகப்பன் பெயர் முழுசாக. கல்யாணம் முகாம் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. ஒரு அலுவலகத்தில், "இது ரெண்டு பேரு, ஒரே ஆள் என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு இடத்தில், புருஷனின் தாள் இல்லாமல் பிள்ளைகளைப் பதியமுடியாது என்றார்களாம். "டீச்சர், நான்தான் அவள் என்று நான் சொன்னால் போதாதா?" என்று கேட்டாள்.

புருஷனின் தாள் எதற்கு? 2003 இன் 16ஆம் இலக்கத் திருத்தத்திலிருந்து தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே பிள்ளைக்கு வம்சாவளிப் பிரஜாவுரிமை கேட்கலாம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதியவேண்டும், தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் அமைச்சர் அனுமதிக்கலாம். அகதி முகாமைவிடத் தக்க காரணம் உலகத்தில் வேறு எது? இதெல்லாம் சட்டத்தில் இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தத் தங்கச்சி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறியிருக்கமாட்டாள்.

பெயர் வித்தியாசத்துக்கு சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். மூலப் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ கொப்பியைக் கொடு, ஏற்றுக்கொண்டதற்குத் திகதி முத்திரையோடு துண்டு வாங்காமல் வெளியே வராதே என்று சொல்லி அனுப்பினேன். விண்ணப்பம் போடுகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் நீங்கள் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கோப்பு தொலைந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும்.

அதோடு, தயவுசெய்து யாரும் புரோக்கரிடம் மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவசரத்தில் ஆயிரக்கணக்கில் காசும் போய், தாளும் போய், அழுதுகொண்டு வருகிற அக்காமாரைப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆனால் இந்த எச்சரிக்கையெல்லாம் ஏழை ஜனத்தின் தலையிலேயே ஏன் விழவேண்டும்? பிறப்புப் பதிவு, ஆட்பதிவு, குடிவரவு, மூன்றும் அரச திணைக்களங்கள்தான். ஒரு திணைக்களம் எழுதிய தாளை இன்னொரு திணைக்களம் நேரே கேட்டு எடுக்கட்டும். எழுத்துப் பிழை அலுவலகத்தின் கையில் நடந்திருந்தால் திருத்துகிற செலவும் அலைச்சலும் அலுவலகத்துடையதாகட்டும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. படிவமும் நிராகரிப்புக் கடிதமும் தமிழில் வரட்டும், நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

தோட்டக் கம்பனிகளிடமும் ஒன்று கேட்கவேண்டும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனபோது பழைய செக்ரோல்களும் பேரேடுகளும் எங்கெங்கோ சிதறிவிட்டன. இன்னும் ஏதோ ஒரு ஸ்டோரில் கரையான் அரிக்காமல் மிச்சம் இருப்பவற்றை மாவட்டச் செயலகத்திடமோ தேசிய சுவடிகள் திணைக்களத்திடமோ ஒப்படையுங்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இதையும் மேசையில் வையுங்கள்.

முகாமிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் மாத்தளையிலும் நடமாடும் சேவை ஒன்று நடத்துங்கள் என்று நம்முடைய நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கிறேன். குடிவரவுத் திணைக்களத்து உத்தியோகத்தர், பதிவாளர், சமாதான நீதவான், மூவரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தால் போதும். 2003 இல் பத்து நாளில் முடிந்தது. இதில் அதைவிட எத்தனையோ மடங்கு குறைவான ஆட்கள்.