ஏரியா பேரைக் கேட்டதும் பேனாவை மூடுகிறவர்கள்

ஒரு சூப்பர் மார்க்கெட் மேனேஜர் பேசிய அந்த வாய்ஸ் மெசேஜை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்டுவிட்டேன், போதும். "பில்லிங்குக்கு ஆள் எடுக்கும்போது ஏரியா பார்த்து எடுங்க" என்று அந்த மேனேஜர் சொன்னதில் உங்களுக்கெல்லாம் அதிர்ச்சி. வடசென்னைக்காரர்களான எங்களுக்கு, அவர் அதை வாய்விட்டுச் சொன்னதுதான் புதுசு.

போன மாதம் என் அக்கா மகள் ஒரு சூப்பர் மார்க்கெட் இன்டர்வியூவுக்குப் போனாள். (அதே கம்பெனியா என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) பி.காம். முடித்தவள். ஒரு பில்லைக் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடி என்றார்களாம். எண்ணெய் பாக்கெட் ரெண்டு தடவை ஸ்கேன் ஆகியிருந்ததை உடனே காட்டியிருக்கிறாள். மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சொல்லியிருக்கிறாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. அப்புறம் ஃபார்மைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தவர், "வியாசர்பாடியா?" என்று கேட்டுப் பேனாவை மூடிவிட்டார். அடுத்த கேள்வி, "வீட்ல யார் மேலயாவது கேஸ் இருக்காம்மா?" அதற்கும் அடுத்து, மழை பெய்து கணேசபுரம் சப்வேயில் தண்ணி நின்றால் எப்படி வேலைக்கு வருவாய் என்று. சப்வேயில் தண்ணி நிற்பதற்கு மாநகராட்சியைக் கேட்க வேண்டியதை இந்தப் பிள்ளையிடம் கேட்கிறார் அந்த மகான்.

"சரக்கு குறைந்தால் கடைக்காரன்தானே நஷ்டப்படுவான், உஷாராக இருக்கக் கூடாதா?" என்பீர்கள். இருங்கள். கேமரா வைக்கிறீர்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து பார்க்கிறீர்கள், கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள், சில இடங்களில் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையே வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். இவ்வளவுக்கும் மேல் ஏரியா எதற்கு? வேலை தெரியுமா என்று பாருங்கள், ஏரியாவைப் பார்க்காதீர்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"அங்கே கிரைம் அதிகம்தானே" என்று வரப்போகிறவர்கள் தயவுசெய்து அன்ஃபிரெண்ட் பண்ணிவிட்டுப் போங்கள். சினிமாவில் எங்களுக்கு அரிவாளைக் கொடுத்தது நீங்கள், கைதட்டிப் பார்த்ததும் நீங்கள், இப்போது பயப்படுவதும் நீங்கள். ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு வரலாம், கரண்ட் அத்திப்பட்டிலிருந்து போகலாம், ஞாயிற்றுக்கிழமை மீனுக்குக் காசிமேடு வேண்டும். கல்லாவில் மட்டும் எங்கள் பிள்ளை உட்காரக் கூடாது.

உட்காருவது என்றதும் ஞாபகம் வருகிறது. கடை ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாச்சு. இவளிடம் "நாள் பூரா நிக்கணும், முடியுமா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பித்தது இந்தப் பெரம்பூர் மில் ஆட்களை வைத்துத்தான். அந்த ஆட்களின் பேத்திகளிடம் போய், நிற்க முடியுமா, கேஸ் இருக்கா என்று.

இன்னொருத்தர், நல்லவர்தான், "பெரம்பூர் என்று போட்டிருக்க வேண்டியதுதானே தம்பி" என்று கமெண்டில் அறிவுரை சொல்லியிருக்கிறார். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள் அண்ணே, எனக்கும் தெரியும். திங்கட்கிழமை அவளுக்கு வேறொரு கடையில் இன்டர்வியூ இருக்கிறது. ஃபார்மை நானே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வியாசர்பாடி, சென்னை 39.